மச் தொடங்கும் நேரம் சனல் போனால்: யாழ்ப்பாண ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் புதிதாக வீடெடுத்து ரீவி இணைப்பும் எடுத்தவர்கள் முதல் பெரிய தொடரிலேயே ஒருமுறை மாட்டுப்படுவார்கள். பக்கேஜுக்குக் காசு கட்டியாயிற்று. நேற்றிரவுகூடச் சனல் வேலை செய்தது. இன்று மச் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது திரையில் ஓர் அறிவித்தல் மட்டும் நிற்கிறது. அந்தப் பதற்றத்தில் சிலர் டிஷ்காரரைக் கூப்பிடுகிறார்கள், சிலர் போனிலேயே பெரிய பக்கேஜுக்கு மாறுகிறார்கள், சிலர் கொம்பனியையே மாற்றிவிடுகிறார்கள். மூன்றும் சிலவேளை சரிவரும், பெரும்பாலும் வீண் செலவு. சனல் ஏன் போனது என்று தெரியாமல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம். தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஒரு மச்சுக்கு இரண்டு ஒப்பந்தம்

ஒரு விளையாட்டு உங்கள் திரைக்கு வர இரண்டு ஒப்பந்தங்கள் உயிரோடு இருக்கவேண்டும். முதலாவது, அந்தத் தொடரை இலங்கையில் காட்டும் உரிமை. கிரிக்கெட் சபையோ லீக்கோ அதை ஒரு சனலுக்கு விற்கும். இரண்டாவது, அந்தச் சனலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் உரிமை. சனல்காரர் அதை டயலொக் ரீவி, பியோ ரீவி போன்ற சேவை வழங்குநருக்கோ கேபிள்காரருக்கோ கொடுப்பார். முதலாவது அறுந்தால் சனல் இருக்கும், மச் இராது. இரண்டாவது அறுந்தால் சனலே இராது. இரண்டிலும் மச் உங்களுக்கு இல்லைதான். ஆனால் செய்யவேண்டியது வேறு வேறு.

விஜயகாந்த் வியாஸ்காந்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர், "வடக்கின் பெரும் போர்" என்ற பாடசாலைக் கிரிக்கெட் மச்சில் பந்து வீசியவர். 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு விளையாடினார். 2024 மே 8 ஆம் திகதி சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐபிஎல்லில் இறங்கினார். பந்து வீசும் கை ஒன்றுதான். ஆனால் பாடசாலை மச்சின் ஒளிபரப்பு ஒருவர் கையில், லங்கா லீக் இலங்கைக் கிரிக்கெட் சபையின் கையில், ஐபிஎல் இந்தியச் சபையின் கையில். "வியாஸ்காந்த் விளையாடும் சனல்" என்று ஒன்று கிடையாது. அதனால் சனலின் பெயரைப் பார்த்துப் பக்கேஜ் எடுக்காதீர்கள். தொடரின் பெயரைப் பிடியுங்கள், அதை இலங்கையில் யார் வாங்கியிருக்கிறார் என்று பாருங்கள், பிறகு அந்தச் சனல் யாரிடம் வருகிறது என்று பாருங்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் காசு போகும்.

ஐந்து நிமிடச் சோதனை

முதலில் திரையில் உள்ளதைப் போனில் படமெடுங்கள். பிழை இலக்கம் இருந்தால் அது தெளிவாக விழவேண்டும். பிறகு ரீவியோடு பூட்டிய பொக்ஸை அணைத்துப் போட்டால் அந்த எழுத்து திரும்பி வராமல் போகலாம். பின்னால் முறைப்பாடு செய்யப்போனால் கேட்கும் முதல் சாட்சியும் அதுதான்.

அடுத்து, விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஏழெட்டுச் சனல்களை மாற்றிப் பாருங்கள். செய்தி, சினிமா, சிறுவர் என்று கலந்து பார்க்கவேண்டும். அவற்றிலும் பாதி இல்லையென்றால் இது ஒப்பந்தப் பிரச்சினை அல்ல, கூரையில் அல்லது வயரில் உள்ள பிரச்சினை.

மூன்றாவது, அதே கொம்பனியின் இணைப்புள்ள இன்னொரு வீட்டைக் கேளுங்கள். அவர்களிடம் என்ன பக்கேஜ் என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். அவர்களுக்கு வருகிறது, உங்களுக்கு வரவில்லையென்றால் கோளாறு உங்கள் பக்கேஜிலோ பொக்ஸில் செருகியிருக்கும் கார்ட்டிலோ இருக்கும். இரண்டு வீட்டிலும் இல்லையென்றால் நான்காவது கேள்வி: வேறு கொம்பனி வைத்திருக்கும் ஒருவருக்கு அதே சனல் வருகிறதா? வருகிறது என்றால் உங்கள் கொம்பனிக்கும் சனல்காரருக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. அவருக்குச் சனல் வந்து, மச்சுக்குப் பதிலாகப் பழைய விளையாட்டோ "இந்த நிகழ்ச்சி உங்கள் பிரதேசத்தில் கிடைக்காது" என்ற அறிவித்தலோ ஓடினால், அந்தச் சனலிடம் இலங்கை உரிமை இல்லை. எந்தப் பக்கேஜுக்கு மாறினாலும் அது வராது.

கூரையில் உள்ள பிரச்சினைகள்

கொம்பனியைத் திட்டும் பலருக்கு உண்மையில் வந்திருப்பது இதுதான்.

டயலொக் ரீவியின் டிஷ் 45 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் செய்மதியைப் பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்தால் அது மேற்கில், சற்றே தெற்கு சாய்ந்து இருக்கிறது. திசைகாட்டியில் ஏறத்தாழ 256 பாகை, அடிவானத்தில் இருந்து 48 பாகை உயரம். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை அடிக்கும் சோளகக் காற்றும் கிட்டத்தட்ட அதே திசையில் இருந்துதான் வருகிறது. அதாவது காற்றுக்கு நேரே முகம் கொடுத்தபடி டிஷ் நிற்கிறது. தாங்கியின் ஆணி கொஞ்சம் தளர்ந்தால் போதும், ஒரு பாகை திரும்பினாலும் சிக்னல் விழும். மழைக்கு முன்பு ஒருமுறை, சோளகத்துக்கு முன்பு ஒருமுறை ஆணிகளை இறுக்கிவைக்கவேண்டும்.

பனையும் தென்னையும் அடுத்த காரணம். டிஷ் நிலத்தில் இருந்து 4 மீற்றர், மேற்குப் பக்கப் பனை 20 மீற்றர் என்றால், அந்தப் பனை குறைந்தது 15 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். அதற்குக் கிட்ட நின்றால் பனையின் தலைப்பகுதி மறைக்கும். புது வீட்டில் டிஷ் பூட்டும்போது இன்றைய தென்னங்கன்றையும் ஐந்து வருடத்து உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

பாதிச் சனல் வந்து பாதி வராத கோளாறுக்கு வயரைப் பாருங்கள். டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பிக்கு பொக்ஸ்தான் அதே வயர் வழியாக மின்சாரம் அனுப்புகிறது. ஒரு தொகுதிச் சனலுக்கு 13 வோல்ட், மற்றத் தொகுதிக்கு 18 வோல்ட். இணைப்பில் துரு பிடித்து வோல்ட் குறைந்தால் 18 வோல்ட் தொகுதி முழுவதும் போய்விடும், மற்றது ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் விளையாட்டுச் சனல் அந்தத் தொகுதியில் இருந்தால் "சனலை நிறுத்திவிட்டார்கள்" என்றே தோன்றும். குருநகர், நாவாந்துறை, காரைநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இந்தத் துருவைச் சீக்கிரம் கொண்டுவரும்.

சரிசெய்யும் முறை இதுதான். பொக்ஸின் மின்சாரத்தைச் சுவரில் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் வயரை வெட்டினால் நடுக்கம்பியும் வெளிப்பின்னலும் முட்டிப் பொக்ஸ் பழுதாகலாம். டிஷ் முனையில் வயரை ஒரு சாண் வெட்டி எறியுங்கள், கறுத்துப்போன செப்பு திரும்பத் தேறாது. வயரின் நுனியில் திருகிப் பூட்டும் எஃப் கனெக்டரைப் புதிதாகப் போட்டு, நடுக்கம்பி விளிம்பைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீட்டி நிற்கும்படி வெட்டுங்கள். பின்னலின் ஒரு நூல்கூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. மேலே தண்ணீர் புகாத ரப்பர் நாடா சுற்றி, இணைப்புக்குச் சற்றுக் கீழே வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. வயர் டிஷ்ஷுக்கான ஆர்ஜி 6 ரகமாக இருக்கட்டும். பழைய அன்ரனா வயரை மிச்சம்பிடித்து இழுத்தால் இதே பிரச்சினை திரும்ப வரும்.

பங்குனி நடுவிலும் புரட்டாதிக் கடைசியிலும் சில நாட்களுக்குப் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி டிஷ் சில நிமிடம் செத்துப் பிழைக்கும். சூரியன் செய்மதிக்கு நேர்பின்னால் வரும் நேரம் அது. மறுநாள் பிற்பகல் அதே நேரத்தில் போய் வந்தால் பயப்படத் தேவையில்லை. ஒன்றையும் திருகவேண்டாம்.

பியோ ரீவி டிஷ் இல்லாமல் இணைய லைனில் வருவது. அதில் கூரைக்கு வேலையில்லை. ரவுட்டரில் ரீவிக்கென்று ஒதுக்கிய துளையில்தான் பொக்ஸின் வயர் இருக்கவேண்டும். வீடு துடைத்தபோது யாரோ வயரைக் கழற்றிப் பக்கத்துத் துளையில் செருகியிருப்பார்கள். இணையம் ஓடும், ரீவி ஓடாது.

கார்ட்டும் பக்கேஜும்

அடுத்த வீட்டில் இருக்கிறது, உங்களிடம் இல்லை, மற்றச் சனல்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன என்றால் காசுக்கணக்கைப் பாருங்கள். பக்கேஜ்கள் அவ்வப்போது மாறும். போன வருடம் அடிப்படைப் பக்கேஜில் இருந்த விளையாட்டுச் சனல் இந்த வருடம் மேலதிகப் பக்கேஜுக்குப் போயிருக்கலாம். அறிவித்தல் ஒரு குறுஞ்செய்தியாக வந்து விளம்பரங்களோடு விளம்பரமாக அமுங்கிப்போயிருக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை வரியோடா வரியில்லாமலா என்று கேளுங்கள். 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி மட்டும் 18 சதவீதம்.

காசு கட்டியும் வரவில்லையென்றால், கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய் வந்த வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: பொக்ஸ் வாரக்கணக்கில் அணைந்து கிடந்திருக்கும். அனுமதி செய்மதி வழியாகத்தான் வருகிறது, பொக்ஸ் விழித்திருந்தால்தான் அது உள்ளே போகும். பொக்ஸைப் போட்டு, காசு கட்டிய சனல் ஒன்றில் அரைமணி நேரம் விட்டுவையுங்கள். பிறகும் வராவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து "கார்ட்டை ரிஃப்ரெஷ் பண்ணிவிடுங்கோ" என்று கேட்டால் போதும். மச் நாளின் மாலையில் அந்த இலக்கம் கிடைக்காது, காலையிலேயே எடுங்கள்.

உரிமை இல்லாத சனல்

சனல் ஓடுகிறது, மச் மட்டும் இல்லை என்றால் உள்ளூர் உரிமை வேறெங்கோ இருக்கிறது. 2024 ரி20 உலகக் கிண்ணத்தை இலங்கையில் மகாராஜா நிறுவனத்தின் சனல்கள் காட்டின. இந்திய விளையாட்டுச் சனலுக்குக் காசு கட்டிக் காத்திருப்பதைவிட இலவசச் சனலைத் தேடுவது அப்படியான நேரத்தில் புத்தி.

அதனால்தான் டிஷ் இருக்கும் வீட்டிலும் ஒரு பழைய மீன்முள் அன்ரனா இருக்கட்டும் என்று சொல்வது. மாதக்கட்டணம் கிடையாது, யாருடைய சண்டையும் அதைத் தொடாது. வடக்குக்கான பெரிய கோபுரம் கொக்காவிலில் இருக்கிறது. 174 மீற்றர் உயரமான அது 2011 யூன் 6 ஆம் திகதி திறக்கப்பட்டது. யாழ் நகரில் இருந்து நேர்கோட்டில் 60 கிலோமீற்றருக்குச் சற்று மேலே, சரியாகத் தென்கிழக்கு. எல்லாச் சனலும் ஒரே கோபுரத்தில் இருந்து வருவதில்லை, ஆகவே பக்கத்துக் கூரைகளில் அன்ரனாக்கள் பார்க்கும் திசையையும் ஒருமுறை பாருங்கள். இராமேஸ்வரம் பக்கம் திருப்பித் தூர்தர்ஷன் பார்த்த காலத்துக் கம்பம் வீட்டில் இன்னும் நின்றால் அதை வீசவேண்டாம். உயரம் உயரம்தான், தலையை மட்டும் தென்கிழக்கே திருப்பிவிடுங்கள்.

சர்வதேசக் கிரிக்கெட் சபை தன் தொடர்களை உரிமை விற்காத நாடுகளுக்கு ஐசிசி ரீவி என்ற தன் இணையத்தளத்தில் காட்டுவதுண்டு. இந்திய ஜியோஹொட்ஸ்டாரின் உரிமைகள் இந்தியாவுக்கானவை. உங்கள் இணைய முகவரி எந்த நாட்டினது என்று பார்த்துத்தான் அது கதவு திறக்கும். வேறு நாட்டு முகவரி போலக் காட்டும் விபிஎன் போட்டுப் போகலாம் என்று சொல்லித்தருபவர்கள் அது சேவை விதிகளுக்கு முரண் என்பதையும், கணக்கை முடக்கினால் கட்டிய காசு திரும்பாது என்பதையும் சொல்லமாட்டார்கள்.

உண்மையான சண்டை

எல்லாம் சரி, சனலே பட்டியலில் இல்லை, அதே கொம்பனிக்காரர் எவருக்கும் இல்லை என்றால் அதுதான் ஒப்பந்தச் சண்டை. இதில் உங்கள் கையில் திருக ஒரு ஆணியும் இல்லை. ஆனாலும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்று கணக்குப் போடலாம்.

சனல்காரர் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கேட்பார். விளையாட்டுச் சனலைத் தனியாகத் தரமாட்டார், யாரும் பார்க்காத நாலு சனலையும் சேர்த்து ஒரே கட்டாகத் தள்ளுவார். சேவை வழங்குநர் விலை கூடினால் வாடிக்கையாளர் விட்டுப்போவார் என்று இழுப்பார். சனல்காரரின் பக்கத்துச் செலவும் பொய்யில்லை. 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் உரிமைகள் 48,390 கோடி இந்திய ரூபாவுக்குப் போயின. அதில் இந்தியத் தொலைக்காட்சிப் பங்கு மட்டும் 23,575 கோடி. அந்தப் பங்கை வாங்கிய ஸ்டாரும், டிஜிட்டல் பங்கை வாங்கிய வயாகொம் 18 உம் 2024 நவம்பரில் ஜியோஸ்டார் என்ற ஒரே நிறுவனமாகிவிட்டன. விற்பவர் ஒருவரே என்றால் பேரம் எந்தப் பக்கம் சாயும் என்று திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கினவருக்கும் தெரியும். நம்முடைய பக்கத்தில் டொலர் வேறு. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் 360 ஐத் தாண்டியது. வெளிநாட்டுச் சனலின் விலையில் அந்த ஏற்றமும் வந்து சேரும்.

சண்டை ஏன் எப்போதும் மச் நேரத்தில் வருகிறது என்று சனம் கேட்கும். தற்செயல் இல்லை. பார்வையாளர் கொதிக்கும் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தால் சனல்காரருக்குக் கை ஓங்கும். இந்தியாவில் 2023 பெப்ரவரி 18 ஆம் திகதி ஸ்டார், சோனி, ஸீ ஆகியவை புதிய கட்டண ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேபிள்காரருக்குச் சனல்களை நிறுத்தின. அவுஸ்திரேலியா டெல்லியில் டெஸ்ட் விளையாடிக்கொண்டிருந்த நாள் அது. ஏறத்தாழ நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டன என்று கேபிள்காரர் சங்கம் சொன்னது. ஒரு வாரத்துக்குள் திரும்பியது. அமெரிக்காவில் டிஸ்னியின் ஈஎஸ்பிஎன், 2023 ஓகஸ்ட் 31 இல் சார்ட்டர் கேபிளில் இருந்து போய் செப்ரெம்பர் 11 இல் வந்தது. 2024 செப்ரெம்பர் 1 இல் டைரெக்ட் ரீவியில் போய் 14 இல் வந்தது. 2025 ஒக்ரோபர் 30 இல் யூரியூப் ரீவியில் போய் நவம்பர் 14 இல் வந்தது. பார்த்தீர்களா, எல்லாம் இரண்டு வாரத்துக்குள் அல்லது அதை ஒட்டி. எதிர் உதாரணமும் உண்டு: 2019 யூலையில் டிஷ் நெற்வேர்க் என்ற கொம்பனியை விட்டுப்போன அமெரிக்கப் பிராந்திய விளையாட்டுச் சனல்கள் திரும்பி வரவேயில்லை.

இதில் இருந்து ஒரு கைக்கணக்கு எடுக்கலாம். முதல் இரண்டு வாரம் கொம்பனி மாறவேண்டாம். புது டிஷ், புதுப் பொக்ஸ், பூட்டுக்கூலி, குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் என்று போட்டுப் பார்த்தால் அந்த இரண்டு வாரத்து மச்சின் விலை எங்கேயோ போய்விடும். இரண்டு வாரம் கடந்தும் இரு பக்கமும் "வாடிக்கையாளர் நலனுக்காக" என்றே அறிக்கை விட்டுக்கொண்டிருந்தால் அப்போது யோசியுங்கள். மாறும்போதும் வருட ஒப்பந்தம் வேண்டாம், மாதம் மாதம் ரீலோட் செய்யும் முற்கொடுப்பனவு இணைப்பே போதும்.

இடைக்காலத்தில் பார்ப்பது

இணையத்தில் சட்டப்படி காட்டும் இடம் இருந்தால் டேற்றாவைக் கணக்குப் பாருங்கள். போனில் 480 தரத்தில் மணிக்கு அரை ஜிபிக்குச் சற்று மேல், 720 தரத்தில் ஒன்றில் இருந்து ஒன்றரை, 1080 தரத்தில் இரண்டில் இருந்து மூன்று ஜிபி. ரி20 ஒன்று மூன்றரை மணி நேரம், 720 இல் பார்த்தால் ஐந்து ஜிபி என்று வையுங்கள். ஒருநாள் மச் எட்டு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு ஜிபி. பக்கேஜில் இரவு டேற்றா என்று தனியாகக் கொடுத்திருப்பது நள்ளிரவுக்குப் பிறகுதான் திறக்கும், மாலை மச்சுக்கு உதவாது. இணைய நேரலை ரீவியைவிட இருபது முப்பது செக்கன் பிந்தி ஓடும். அடுத்த வீட்டுக் கூச்சல் முதலில் கேட்கும், விக்கெட் பிறகு விழும். வாட்ஸ்அப் குழுவை மூடிவையுங்கள்.

ஐயாயிரம் சனல் என்று விற்கும் பெட்டிகளையும் அப்களையும் பற்றி ஒரு வார்த்தை. உரிமைக்காரர்கள் அவற்றின் சேவர்களை முடக்குவதே இறுதிப்போட்டி போன்ற நாட்களில்தான். அதைவிட, பிளே ஸ்ரோருக்கு வெளியில் இருந்து ஏற்றும் அப் குறுஞ்செய்தி வாசிக்கும் அனுமதியைக் கேட்டால், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லை வாசிக்கும் அனுமதியையே கேட்கிறது.

இந்திய டிஷ் வைத்திருப்பவர்களுக்கு

தென்கிழக்குப் பக்கம், தலைக்குக் கிட்ட நிமிர்ந்து பார்க்கும் டிஷ்கள் யாழ்ப்பாணத்தில் நிறைய. 93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்பது போன்ற இந்தியச் செய்மதிகள் எழுபது பாகை உயரத்தில் நிற்பதால் மரம் மறைப்பதில்லை, தமிழ் வர்ணனையும் வரும். ஆசைக்குக் காரணம் விளங்கும். ஆனால் அந்தக் கார்ட் தமிழ்நாட்டில் ஏதோவொரு விலாசத்தில் பதிவானது, அந்தச் சேவைக்கு இங்கே அனுமதி கிடையாது. சனல் போனால் முறைப்பாடு கேட்க ஆளில்லை. ரீலோட் போட்டுத்தந்த முகவர் கையை விரித்தால் அதோடு சரி. வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுவதுதான் இதில் பெரிய பிழை.

தூர்தர்ஷனின் விளையாட்டுச் சனலான டிடி ஸ்போர்ட்ஸ் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. தேசிய முக்கியத்துவமுள்ள மச்களைத் தூர்தர்ஷனோடு பகிரவேண்டும் என்று இந்தியாவில் 2007 இல் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த இலவச டிஷ்ஷுக்கும் மட்டுமே என்று 2017 இல் இந்திய உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தனியார் பொக்ஸில் அதே சனல் இருந்தும் மச் நேரத்தில் மட்டும் வேறு நிகழ்ச்சி ஓடும். பொக்ஸில் பிழை தேடவேண்டாம்.

காசைத் திரும்பக் கேட்பது

2025 சண்டையின்போது யூரியூப் ரீவி வாடிக்கையாளருக்கு 20 டொலர் கழிவு கொடுத்தது. இங்கே அது தானாக வருமென்று இருக்காதீர்கள். கணக்கு எளியது: விளையாட்டுப் பக்கேஜ் மாதம் 600 ரூபா என்று வைத்தால், 12 நாள் இல்லாவிட்டால் 600 ஐ 30 ஆல் பிரித்து 12 ஆல் பெருக்குங்கள், 240 ரூபா. தொகை சின்னதுதான். ஆனால் பில்லில் அது கழிந்தால், சேவை தடைப்பட்டதை அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்பந்தக் காலத்துக்கு முன்னே விலக நேர்ந்தால் அந்தப் பில் உதவும்.

போனில் பேசும்போது மறுமுனையில் இருக்கும் பிள்ளையிடம் கோபத்தைக் காட்டிப் பலனில்லை, சனலை நிறுத்தியது அவரல்ல. "தங்கச்சி, முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லுங்கோ, எழுதி எடுக்கிறன்" என்பதோடு தொடங்குங்கள். அதன் பிறகு மின்னஞ்சலில் எழுத்தாகவும் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

"எனது கணக்கு இலக்கம் ... . எனது பக்கேஜில் உள்ள ... சனல் ... ஆம் திகதி மாலை ... மணி முதல் கிடைக்கவில்லை. திரையின் படம் இணைக்கப்பட்டுள்ளது. தொலைபேசி முறைப்பாட்டு இலக்கம் ... . சனல் கிடைக்காத நாட்களுக்கான கட்டணத்தை அடுத்த பில்லில் கழிக்கவும். சனல் நிரந்தரமாக நீக்கப்பட்டிருந்தால், தண்டப்பணம் இன்றிக் குறைந்த பக்கேஜுக்கு மாறவோ இணைப்பை முடிக்கவோ அனுமதிக்கவும். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வாசியுங்கள். சனல்களின் பட்டியல் மாறலாம் என்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரி ஒரு சனலை மாற்றும் உரிமையைத் தரும். விளையாட்டுப் பக்கேஜ் என்று விற்றுவிட்டு அதன் முக்கியச் சனலே இல்லாமல் முழுக் கட்டணம் எடுப்பதற்கு அதை நீட்டமுடியுமா என்று கேட்பதுதான் உங்கள் வாதம்.

கொம்பனி பதில் தராவிட்டால் இரண்டு கதவு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இலக்கம் 1900. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. பின்னையதற்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், தொடர் முடியட்டும் என்று பிந்தக்கூடாது. பில், பற்றுச்சீட்டு, திரையின் படம், முறைப்பாட்டு இலக்கம் நான்கும் கையில் இருக்கட்டும். உள்ளூர்க் கேபிள் வைத்திருப்பவர்களுக்குப் பற்றுச்சீட்டே முதல் தடை. மாதக்காசை வாசலில் வாங்கிக்கொண்டு போகிறவர் துண்டு தரமாட்டார். இணைப்பு எடுக்கும் நாளிலேயே பதிவு இலக்கத்தோடு பற்றுச்சீட்டு கேளுங்கள். தயங்கினால் அந்த இணைப்பு வேண்டாம்.

தேத்தண்ணிக் கடையிலோ சலூனிலோ ரீவி வைப்பவர்கள் வீட்டு இணைப்பை அங்கே இழுத்திருந்தால் முறைப்பாட்டுக்குப் போகமுன் யோசிக்கவேண்டும். வீட்டுப் பக்கேஜ் பொது இடத்துக்கானதல்ல, விசாரணை வந்தால் முதலில் உங்கள் பக்கம்தான் திரும்பும்.

சனல் திரும்பி வந்த பிறகு

சண்டை முடிந்தது என்று செய்தி வந்தும் உங்கள் பட்டியலில் சனல் இல்லாமல் இருக்கலாம். சிலவேளை புதிய இலக்கத்தில் வரும். பொக்ஸின் அமைப்புக்குள் போய்த் தானியங்கித் தேடலை ஒருமுறை ஓடவிடுங்கள், பிறகு அரைமணி நேரம் அணைக்காமல் விடுங்கள். விருப்பப் பட்டியலில் பழைய இலக்கத்தை நீக்கிப் புதியதைச் சேருங்கள். அடுத்த மாதப் பில் வந்ததும் கழிவு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லித் திரும்ப எடுக்கவேண்டும், புதிய முறைப்பாடு பதியவிடாதீர்கள். புதிதாகப் பதிந்தால் நாட்கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கும்.